புகையில்லாத கரி

அந்த மஞ்சள் பெட்டி கத்தும்வரை ரோஸ்லினுக்கு அது நல்ல காலையாகத்தான் இருந்தது.

புயல் கரையைக் கடந்து போய்விட்டது. அது விட்டுச் சென்ற மழைதான் போக மனமில்லாமல் நின்று பெய்துகொண்டிருந்தது. பாகூர் பக்கம் முழுக்க மின்கம்பங்கள் வயலில் விழுந்து கிடந்தன. அபிஷேகப்பாக்கத்தைத் தாண்டி, நெல்வயல்களுக்கு நடுவே தகரக்கூரை போட்டு நிற்கும் சின்ன மின்நிலையத்தில் மட்டும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற நாட்களில் பக்கத்து அரிசி மில்லுக்கும் ஐஸ் கம்பெனிக்கும் போகிற கரண்ட், இப்போது குடிதண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கும் பக்கத்திலிருந்த துணை சுகாதார நிலையத்துக்கும் போனது. வழியில் பார்க்கிறவர்கள் ரோஸ்லினைக் கரண்ட்டுக்கார அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

பார்க்க எளிய வேலைதான். சவுக்குத் துண்டுகளையும் கொட்டாங்குச்சிகளையும் உயரமான இரும்புக் கலனின் வாயில் கொட்ட வேண்டும். காற்றைத் தாராளமாக விட்டால் மரம் வெறுமனே எரிந்து சாம்பலாகிவிடும். அரைவயிற்றுக்குச் சோறு போடுகிற மாதிரி காற்றை அளந்து விட்டால், எரியவும் முடியாமல் அணையவும் முடியாமல் மரம் கிடந்து தவிக்கும். அந்தத் தவிப்பிலிருந்து ஒரு வாயு வரும். அதைக் குளிரவைத்து வடிகட்டி எஞ்சினுக்குள் விட்டால் கரண்ட். மிச்சமாகக் கலனின் அடியில் கரி இறங்கும். கறுப்பாக, லேசாக, தட்டினால் கண்ணாடி போலச் சத்தம் போடுகிற நல்ல கரி. அதைத் தணலோடு அள்ளி ஒரு டிரம்மில் போட்டு வெளியே ஆறவைப்பார்கள்.

பயமெல்லாம் அந்த வாயுவிடம்தான். கார்பன் மோனாக்சைடு என்று அதற்குப் பெயர் உண்டு. இந்த மின் ஆலையில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'அது' என்பார்கள். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூச்சோடு உள்ளே போனால் தலை கொஞ்சம் வலிக்கும், பிறகு தூக்கம் வரும், அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க மாட்டோம். பயிற்சி கொடுக்க வந்தவர் சாதாரணமாகச் சொன்னார்: "அது ஒங்கள அடிக்காது, தள்ளாது. தாலாட்டும்."

அன்று முதல் அது ரோஸ்லினின் கனவுகளில் வர ஆரம்பித்தது. குழாய்களுக்குள் வாழும் கண்ணில்லாத விலங்கு. மெத்தென்ற மூக்கால் இரும்பை உள்ளிருந்து தடவித் தடவி, எங்காவது ஊசிமுனை அளவுக்குப் பொத்தல் இருக்கிறதா என்று தேடிக்கொண்டே இருக்கும். வேலை நேரம் முழுவதும் அவள் காலரில் ஒரு மஞ்சள் பெட்டி தொங்கும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. வாயுவை முகர்ந்தால் அது கத்தும். வேலை முடிந்து பெட்டியைக் கழற்றிச் சார்ஜரில் மாட்டும்போது, பயத்தையும் கூடவே கழற்றி அங்கே மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள். விலங்கு ஆலையில் இருக்கிறது. வீட்டில் அம்மா இருக்கிறாள், தங்கை லில்லி இருக்கிறாள், லில்லி பெற்ற பச்சைக் குழந்தை இருக்கிறான். அங்கே எதற்குப் பயம்?

அன்று அவள் ஸ்பேனர் எடுக்கச் சாமான் அறைக்குள் கால் வைத்ததும் பெட்டி கத்தியது.

அவள் வெளியே பாய்ந்தாள். மழைச் சாரலில் நின்று வாயைத் திறந்து காற்றை விழுங்கினாள். எஞ்சின் பக்கத்தில் இருந்த, கூட வேலை பார்க்கும் எழிலரசன் எண்ணெய்க் கையோடு ஓடி வந்தான்.

"இன்னாக்கா ஆச்சி?"

"உள்ள போவாதடா! அது வந்துடுச்சி."

"எங்க?"

"சாமான் ரூமுல."

"அங்க பைப்பே கெடையாதேக்கா. ஒன் பொட்டிக்கு இன்னா, பசி எடுத்துக்கிச்சா?"

சிரித்தாலும் அவன் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. சோப்புத் தண்ணீரைக் கரைத்து எடுத்துக்கொண்டு, சாமான் அறையை ஒட்டிப் போகும் குழாயின் இணைப்பு ஒவ்வொன்றிலும் தடவினார்கள். பொத்தல் இருந்தால் குமிழி வரும். எங்கேயும் வரவில்லை. ரோஸ்லினுக்கு அது ஆறுதலாக இல்லை. ஒளிந்திருக்கிறது என்றால் எங்கே ஒளிந்திருக்கிறது?

எழிலரசன் சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டான். கறுப்பாய் எண்ணெய்த் தடம் பதிந்தது.

"கரி டிரம்மு! நாந்தான்க்கா, மழ அடிக்குதேன்னு காலையில உள்ள இழுத்து வெச்சேன்."

மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய் டிரம்மை வாசலுக்கு உருட்டி வந்தான். மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. இடுக்கில் சிவப்பு தெரிந்தது. பெட்டியை அருகே கொண்டுபோனதும் அது மறுபடியும் ஓலமிட்டது.

"கரிக்கு இன்னாடா? அதுல பொகையே இல்லியே," என்றாள் ரோஸ்லின்.

"பொகையில்லன்னா? நெருப்பு இருக்குதுல்ல. கலனுக்குள்ள இன்னா பண்ணுச்சோ அதத்தான் வெளிய வந்தும் பண்ணிக்கினு இருக்கும். தொறந்த எடத்துல வெச்சா காத்துல போயிடும். அடச்ச ரூமுல வெச்சா அவ்ளோதான். ட்ரெயினிங்ல சொன்னாங்களேக்கா, நீயும்தான் தலைய ஆட்டுன."

ஆட்டினாள். தலையை ஆட்டியது கூட நினைவிருந்தது. ஆலையில் கேட்டது ஆலையிலேயே சார்ஜரில் மாட்டியிருந்தது.

"அக்கா? இன்னா அப்படிப் பாக்குற?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. காலையில் தன் கணவன் ஆண்டனி டிவிஎஸ் வண்டியில் வந்து, இதே இடத்தில், இதே டிரம்முக்கு முன்னால் நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லில்லி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள். புயலுக்குச் சற்று முன்னால்தான் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு திரும்பியிருந்தாள். பிள்ளை பெற்றவளைக் காற்றுப் படாமல் அறைக்குள் வைத்திருக்க வேண்டும், குளிப்பாட்டிய குழந்தைக்குத் தணலில் சாம்பிராணி போட்டுத் தலையைக் காட்ட வேண்டும் என்பதில் அம்மா ஜோஸ்பின் ஒரு இம்மி விட்டுக்கொடுக்க மாட்டாள். ஊரே ஈரமாகக் கிடந்தது. விறகு பற்றவில்லை. குழந்தையின் துணிகள் காயவில்லை. சுவரைத் தொட்டால் தண்ணீர் கையில் ஒட்டியது. அம்மா புலம்பியபோது ரோஸ்லின்தான் பெருமையாகச் சொன்னாள்: "எங்க கரி இருக்க ஒனக்கு இன்னாம்மா கவல? பொகையே வராது. கொழந்த இருமாது, கண்ணு எரியாது. மகாராசி மாதிரி சூடா வெச்சிக்க."

முதலில் ஒரு சின்ன டப்பாவில் நாலு துண்டு தணல் கொண்டுபோனாள். சாம்பிராணிக்கு அது போதுமானதாக இருந்தது, கெடுதலும் வரவில்லை. அம்மாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. இன்று காலை ஆண்டனியிடம் பெரிய இரும்புச் சட்டியையே கொடுத்து அனுப்பியிருந்தாள். அது நிறையச் சிவந்த கரியை அள்ளிப் போட்டது ரோஸ்லினின் கை. மேலே தகரத்தை வைத்து மூடிக் கொடுத்ததும் அதே கைதான்.

"ஜன்னல்ல காத்து வருதுன்னு அத்த திட்டிக்கினே இருக்குது," என்றான் ஆண்டனி. "மில்லாண்ட கிழிஞ்சி கெடக்குற பேனர எடுத்துக்கினு போறன். ஆணி வெச்சி அடிச்சி வுட்டுட்டா ஒரு பொட்டுக் காத்து உள்ள வராது."

"நல்லா இறுக்கி அடிச்சி வுடு," என்று அவள் சொல்லியிருந்தாள்.

போனை எடுத்தாள். டவர் இல்லை. புயல் வந்ததிலிருந்தே இல்லை. தெரிந்துதான் எடுத்தாள், ஆனாலும் திரும்பத் திரும்ப அழுத்தினாள்.

"எழிலு, வூட்ல..." டிரம்மைக் கையால் காட்டினாள். குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல் கையை மடக்கிக் காட்டினாள். அவனுக்குப் புரிந்தது.

"போக்கா! கெளம்பு! எஞ்சின வுட்டுட்டு நா வர முடியாது, இத நா பாத்துக்குறேன். பொட்டியக் கழட்டாத, அப்படியே போ!"

ஸ்கூட்டி இரண்டு உதைக்குப் பிறகு கிளம்பியது. வீடு இருக்கும் செலியமேட்டுக்குப் போகிற சாலை இருபுறமும் வயலோடு வயலாகத் தண்ணீரில் கரைந்திருந்தது. எது ரோடு, எது வாய்க்கால் என்று ஓரத்துப் பனைகளை வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். மழை முகத்தில் அறைந்தது. காலரில் பெட்டி பேசாமல் இருந்தது. அது கத்தினால்தான் அவள் இதுவரை பயந்திருக்கிறாள். இப்போது அதன் மௌனம் பயமுறுத்தியது. இங்கே, இத்தனை காற்றில், அது கத்த ஒன்றுமில்லை. கத்த வேண்டிய இடத்தில் கத்துவதற்கு யாருமில்லை.

தண்ணீர்த் தொட்டியடியில் குடத்தோடு நின்ற பெண்கள் அவளைப் பார்த்துவிட்டு வழியை மறித்தார்கள்.

"கரண்ட்டுக்கார அக்கா வருது, புடிங்கடி! ஏங்க்கா, எங்க தெருவுக்கு எப்ப வுடுவ?"

"போனுக்கு மட்டுமாச்சும் ஒரு ஒயரு இழுத்துக் குடு தாயீ, ஒனக்குக் கோயில் கட்டுறோம்."

"அது இன்னா, சவுக்குக் கட்டையிலேந்து கரண்ட்டு வருதாமே, எங்க வூட்டுக்காரர அதுல போட்டா எத்தினி பல்பு எரியும்?"

சிரிப்புச் சத்தம் எழுந்தது. ரோஸ்லின் ஹாரனை அழுத்தியபடி அவர்களுக்கு நடுவே புகுந்து போனாள். குடம் ஒன்று உருண்டது. பின்னாலிருந்து ஒருத்தி, "திமிரு ஏறிப்போச்சுடி அதுக்கு!" என்று கத்தினாள்.

தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதை நினைக்கக் கூடாது என்று நினைக்க நினைக்க அதுவே வந்தது. அந்த விலங்கு இப்போது அறையின் மூலையில் சுருண்டு படுத்திருக்கிறது. யாரும் கதவைத் திறந்து விரட்டப்போவதில்லை. மெல்ல எழுந்து, பாயை முகர்ந்து, லில்லியின் கூந்தலை முகர்ந்து, குழந்தையின் உச்சந்தலைக்குக் குனிகிறது. எத்தனை சின்ன மூக்கு அவனுக்கு. அந்த மூக்குக்கு எவ்வளவு வேண்டியிருக்கும்?

சிறுபாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தி யோசிக்காமல் விட்டாள். நடுவில் வண்டி இருமியது, நின்றது. உதைத்தாள். உதைத்தாள். தண்ணீர் தொடைவரை இழுத்தது. வண்டியை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு நடக்கப் பார்த்தாள். கால் ஊன்றவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எதிர்க்கரையில் டிராக்டர் சத்தம் கேட்டது. கரும்பு பயிரிடுகிற பலராமன். வயலில் மூழ்கிய மோட்டாரைத் தூக்கி டிரெய்லரில் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"இன்னா ரோஸ்லினு, கரண்ட்ட வுட்டுட்டு மீன் புடிக்க வந்துட்டியா?"

"அண்ணே! அண்ணே, வூட்டுக்கு... லில்லி... கொழந்த..."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, டிராக்டரைத் தண்ணீருக்குள் இறக்கி, கையை நீட்டினார். அவள் தொற்றி ஏறி மட்கார்டில் உட்கார்ந்தாள்.

டிராக்டர் தண்ணீரைக் கடக்கும், ஆனால் ஓடாது. அது ஆடி ஆடிப் போனது. இறங்கி ஓடிவிடலாமா என்று அவளுக்குக் கால் பரபரத்தது. பலராமன் கேட்டார். அவள் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னாள்.

"கரிதானம்மா? கரியில இன்னா இருக்குது? நாங்கல்லாம் அதுலதான வளந்தோம்."

"அடச்ச ரூமுலண்ணே! ஜன்னலுக்குப் பேனர் அடிச்சிருக்குது. நாந்தான் அடிக்கச் சொன்னேன்."

பலராமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு கியரை மாற்றினார்.

தேவாலயத்தைத் தாண்டித் தொகுப்பு வீடுகளின் வரிசை. நாலாவது வீட்டு முன்பக்கத் தகரத் தாழ்வாரத்தில் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். டிராக்டரைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"கத்தாத. இப்பத்தான் ரெண்டு பேரும் அசந்து தூங்குறாங்க."

ரோஸ்லின் மட்கார்டிலிருந்து குதித்தாள்.

"எப்பலேர்ந்தும்மா?"

"அந்தச் சட்டி வந்ததுலேர்ந்துதான். நல்ல கரிடி. ரூமு அப்படியே கதகதன்னு ஆயிடுச்சி. புள்ள அழவேயில்ல, பாலுக்குக்கூட எழுந்திரிக்கல. நானும் உள்ளதான் குந்தியிருந்தன். ராத்திரி தூக்கமில்லாதது தல சுத்திக்கினு வந்துச்சி, வாந்தி வர மாதிரி, அதான் செத்த வெளிய வந்து..."

ரோஸ்லின் அவளைத் தாண்டி உள்ளே ஓடினாள். அறைக்கதவு சாத்தியிருந்தது. அடியில் கோணிப்பையைத் திணித்திருந்தார்கள். அவள் கை தாழ்ப்பாளைத் தொடும்முன் பெட்டி ஓலமிட்டது. கதவின் இடுக்கே போதுமானதாக இருந்தது அதற்கு.

பின்னாலிருந்து அம்மா அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய், இன்னாடி பண்ற? தொப்பலா நனஞ்சிக்கினு உள்ள போற? பச்ச ஒடம்புக்காரிடி! மழக்காத்து பட்டா சன்னி வந்துடும், கொழந்தைக்கு ஏதாச்சும் ஆயிடும்!"

"வுடும்மா!"

"தொறக்காதடி!"

ரோஸ்லின் தன் அம்மாவைத் தள்ளினாள். வாழ்நாளில் முதல்முறை. ஜோஸ்பின் சுவரில் மோதி உட்கார்ந்தாள்.

பயிற்சியில் சொன்னது இப்போதுதான் ஆலையிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வெளியே மூச்சை இழு, அடக்கு, உள்ளே போ, தூக்கு, வெளியே வா. அங்கே மூச்சு விடாதே. அவள் மூச்சை இழுத்துக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே இருந்ததைப் போல ஓர் அழகான அறையை அவள் அந்த மழைக்காலத்தில் பார்த்ததில்லை. அதுதான் பிற்பாடும் அவளைப் பயமுறுத்தியது. புகை இல்லை. சாம்பிராணி வாசம். கயிற்றில் குழந்தையின் சின்னச் சின்னத் துணிகள் மொரமொரவென்று காய்ந்து தொங்கின. மூலையில் இரும்புச் சட்டி நிறையத் தணல், செம்பருத்திப் பூக்களைக் குவித்து வைத்த மாதிரி. ஜன்னலை மறைத்த பேனரில் யாரோ ஒரு மணமகனும் மணமகளும் தலைகீழாகக் கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். பாயில் லில்லி பக்கவாட்டில் படுத்திருந்தாள், கன்னம் சிவந்து. அவள் கையின் வளைவுக்குள் குழந்தை. இருவரும் அசையவில்லை.

ஒரு மூச்சில் ஒருவரைத்தான் தூக்க முடியும்.

அதை யோசித்ததாக அவளுக்கு நினைவில்லை. குழந்தையை வாரி எடுத்தாள். அவன் தலை பின்னால் தொங்கியது. நனைந்த துணியைப்போல அத்தனை பாரம், அத்தனை தளர்ச்சி. வெளியே வந்து அம்மாவின் மடியில் போட்டாள்.

"மழைக்குப் போ! வெளிய தூக்கிக்கினு போ!"

ஜோஸ்பின் குழந்தையை முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். அத்தனை வருடப் பழக்கம். மழைக்கு எதிர்த்திசையில், வீட்டின் உட்பக்கமாகத் திரும்பினாள்.

"அண்ணே!" என்று அலறினாள் ரோஸ்லின்.

பலராமன் வாசலில் தயங்கி நின்றிருந்தார். அவர்கள் வீட்டுக்குள் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. சேற்றுக் காலோடு உள்ளே வந்து, ஜோஸ்பினைத் தோளைப் பிடித்துத் தூக்கி, குழந்தையோடு சேர்த்து மழைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

மறுபடியும் மூச்சு. மறுபடியும் உள்ளே. லில்லியின் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தாள். பாய் கூடவே வந்தது. கதவு நிலையில் சிக்கியது. நெஞ்சு வெடித்தது. ஒரு மூச்சு விட்டால் என்ன, ஒன்றே ஒன்று என்று உடம்பு கெஞ்சியது. கண் ஓரத்தில் இருட்டு ஊர்ந்து வந்தது. பெட்டி காதுக்கடியில் கத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பாயை உதைத்து விடுவித்து, தங்கையைத் தாழ்வாரம்வரை கொண்டுவந்து சேர்த்தாள்.

லில்லியின் முகத்தில் மழைச் சாரல் விழுந்தது. இமை துடித்தது. பிறகு ஒருபக்கமாகத் திரும்பி வாந்தியெடுத்தாள். ஒரு வாந்தியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று ரோஸ்லின் நினைத்ததில்லை.

"கொழந்த அழுவலியே," என்றாள் அம்மா. மழையில், முட்டிபோட்டு, குழந்தையை மடியில் கிடத்தி. "ரோஸு, அழுவலியேடி. மாதாவே, அழுவலியே."

ரோஸ்லின் குனிந்தாள். பலராமன் தலைத்துண்டை அவன்மேல் விரித்துப் பிடித்தார். அவள் தன் வாயால் அந்தச் சின்ன மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி, கன்னத்தில் இருக்கிற அளவு காற்றை மட்டும் ஊதினாள். மார்பு ஒரு குருவியின் மார்பைப்போல எழும்பியது. இறங்கியது. மறுபடி ஊதினாள். உள்ளங்காலைச் சுண்டினாள். மறுபடி ஊதினாள். தெரு முழுக்க மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அக்கம்பக்கத்தார் வந்து நின்றிருந்தார்கள்.

முதலில் ஒரு விக்கல் வந்தது. பிறகு, கிழிந்த துணியை இன்னும் கொஞ்சம் கிழிப்பதுபோல் ஒரு மெலிந்த சத்தம். அதை அழுகை என்று சொல்ல முடியாது. ஆனாலும் அம்மா அதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டு, குழந்தை அழ வேண்டியதையும் சேர்த்துத் தானே அழுதாள்.

பாகூர் ஆஸ்பத்திரிக்கு அதே டிராக்டரில் போனார்கள். வழியெல்லாம் குழந்தையைத் தூங்கவிடக் கூடாது என்று ரோஸ்லின் அவன் காதைக் கிள்ளிக்கொண்டே வந்தாள். அவன் முனகும்போதெல்லாம், "அழுடா, என் ராசா, நல்லா அழு," என்றாள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கொடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்து, எதிரே நின்றவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு, அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

பால் வாங்கத் தவளக்குப்பம் போயிருந்த ஆண்டனி, விஷயம் கேள்விப்பட்டு நனைந்த பால் பாக்கெட்டுகளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி, அந்தப் பேனரை ஆணியோடு பிய்த்தெடுத்து, விரல்களில் ரத்தம் வரும்வரை சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்தான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

இரண்டு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, ஆபத்து தாண்டிவிட்டது, ஆனால் குழந்தைக்குச் சூடு குறையக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். செலியமேட்டில் அப்போதும் கரண்ட் வரவில்லை. ஆலைக்குப் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் ஒரு கட்டிலைக் காலி செய்து கொடுத்தார்கள். அங்கேதான் ரோஸ்லினுடைய எஞ்சினின் கரண்ட் வருகிறதே. நர்ஸ் கட்டிலுக்கு மேலே ஒரு பெரிய குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். மஞ்சள் வெளிச்சம் வெயிலைப்போலக் குழந்தையின்மேல் விழுந்தது.

ஜோஸ்பின் கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் யாரையும் அதட்டவில்லை. எதையும் எடுத்து வைக்கவுமில்லை. தன் கைபட்டால் ஏதாவது ஆகிவிடும் என்பதுபோல இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்திருந்தாள். வேலைக்கு நடுவில் ஓடி வந்த ரோஸ்லின் வாசலில் செருப்பை விட்டபோது, அம்மா பல்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோஸு, இது ஒங்க கரண்ட்டுதான?"

"ஆமாம்மா."

"அந்தக் கட்டையிலேர்ந்து வர்றதுதான?"

"அதேதான்."

"இதுல அது... வராதே?"

வராது. ஒயரில் அது வராது. அது அங்கே, எஞ்சினுக்குள்ளேயே எரிந்து தீர்ந்துவிடுகிறது. வந்து சேர்வது வெளிச்சமும் சூடும் மட்டும்தான். ரோஸ்லினுக்கு இது நன்றாகத் தெரியும். பொகையே வராதும்மா என்று சொன்னபோதும் இப்படித்தான், நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தாள். வாய்வரை வந்த பதிலைச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

காலரிலிருந்து மஞ்சள் பெட்டியைக் கழற்றிக் குழந்தையின் தலைமாட்டில் வைத்தாள். சாத்தியிருந்த ஜன்னலின் ஒரு கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்தாள். சாரலும் காற்றும் உள்ளே வந்தன. லில்லி போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டாள். ரோஸ்லின் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஜோஸ்பின் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள், சாத்து என்று சொல்லவில்லை.

பெட்டி பேசாமல் இருந்தது. மூன்று பேரும் அது பேசாமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"வராதும்மா," என்றாள் ரோஸ்லின் கடைசியில்.

குழந்தை சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஆள்காட்டி விரலை அவன் மூக்குக்கடியில் கொண்டுபோய் வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. காத்திருந்தாள். பிறகு நகத்தின்மேல் ஒரு சின்ன வெதுவெதுப்பு பட்டது, போனது, மறுபடியும் பட்டது.

ஆலைக்குத் திரும்ப நேரமாகியிருந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.